தாத்தாவின் பி.எஸ்.ஏ. மீட்டரும் மோல்மீன் வீட்டுப் பட்டறையும்

விலையையும் காலத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாத்தாவின் பழைய மோட்டார் சைக்கிளைப் பார்ப்பவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஒரு ஸ்பீடோமீட்டரைப் பிரித்து, கழுவி, உடைந்ததை மாற்றி, புதுக் கண்ணாடி போட்டு, ஓட்டிப் பார்த்துத் தர எனக்கு ஆன செலவு இரண்டு லட்சத்து எண்பதாயிரம் கியாட். மோல்மீனில் மீட்டர் பழுதுபார்க்கும் அண்ணன் மூன்று வாரம் என்றார். பத்து வாரம் ஆனது. தை பிறந்து கொடுத்தது, பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்னால்தான் கைக்கு வந்தது. வேலையைப் பற்றிக் கேட்டால், இந்த பர்மா நாட்டில் இதைவிட நல்ல கை ஒன்றை நான் பார்த்ததில்லை.

வண்டி பி.எஸ்.ஏ. பி31. 350 சிசி, ஒற்றை சிலிண்டர். 1945-லிருந்து 1959 வரை பர்மிங்ஹாமில் செய்தது. தட்டோன் பக்கம் ரப்பர் தோட்டத்தில் தாத்தா கணக்குப்பிள்ளையாக இருந்தார். 1964-ல் கடைகண்ணிகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு நம் ஆட்கள் கப்பல் கப்பலாக ஊருக்குக் கிளம்பினார்களே, அப்போது போன ஒருவர் தாத்தா கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். தாத்தா போகவில்லை. அந்த வண்டியிலேயே முப்பது வருஷம் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் ஓடினார். அவர் கடைசியாக ஓட்டிய நாளில் மீட்டரில் நின்ற மைல் எண் 41,376. கண்ணாடி மங்கி, உள்ளே துரு பூத்து, அந்த ஐந்து எண்களும் பனிக்குள் தெரிவது போலத் தெரியும்.

எட்டு வருஷத்துக்கு முன் வேறொரு ஊரில் ஒரு மெக்கானிக் கடையில் கொடுத்தேன். அவர்கள் அதைத் திறக்கவே இல்லை. கேபிள் மாட்டும் ஓட்டை வழியாக எண்ணெயைப் பீய்ச்சி, கேபிளுக்கு மேலும் கீழுமாக கிரீஸை அப்பி, "ஓடும் பாருங்க" என்று கொடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் ஊசி ஆடியது, மைல் எண் மட்டும் நகரவில்லை. பிறகு ஊசி முப்பதில் ஒட்டிக்கொண்டது. வண்டியை நிறுத்தினாலும் முப்பது மைல் வேகம்தான். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

மோல்மீன் அண்ணனைப் பற்றிச் சொன்னது ஒரு கடிகாரக் கடைக்காரர். அண்ணனுக்கும் அதுதான் பழைய தொழில். ஆற்றங்கரைப் பக்கம் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் சின்னக் கடை வைத்திருந்தவர். எல்லோர் கையிலும் போன் வந்ததும் கடைக்கு ஆள் வரவில்லை. வீட்டுக் கீழ்த்தளத்தில் மேசையைப் போட்டு மோட்டார் சைக்கிள் மீட்டர் பக்கம் திரும்பிவிட்டார். வயது அறுபதுக்கு மேல். தெருப் பையன்களுக்கு அவர் 'ஊலே' (பர்மியத்தில் மாமா), நமக்கு அண்ணன். போர்டு கிடையாது. பெயரும் முகவரியும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மோல்மீனில் பழைய வண்டி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள்.

பட்டறை என்றால் இரைச்சலும் எண்ணெய்க் கறையும் நினைவுக்கு வரும். இங்கே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஜன்னலோரம் ஒரு தேக்கு மேசை. அதன் மேல் எனாமல் தட்டுகள் வரிசையாக, ஒவ்வொன்றின் மேலும் கவிழ்த்த கண்ணாடிக் கிண்ணம். ஒரு தட்டு ஒரு ஆளுடைய மீட்டர். சுவரோரம் ஒரு மரப்பெட்டி, உள்ளே எப்போதும் ஒரு சின்ன பல்பு எரிகிறது. பிரித்த பாகங்கள் ராத்திரி அதற்குள் போய்விடும். காரணம் மழை. சென்னையில் ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் பெய்தால் மோல்மீனில் 4,800-க்குப் பக்கம் பெய்யும். ஆடி மாதத்தில் தீப்பெட்டியே ஊறிப்போகும் ஊர். கரண்ட் போனால் பல்பை பாட்டரிக்கு மாற்றிவிடுகிறார். லேத், மோட்டார் வேலை மட்டும் கரண்ட் வரும் நேரம் பார்த்து நடக்கிறது. பத்து வாரத்தில் பாதி இதில் போயிருக்கும்.

என் மீட்டரைக் கையில் வாங்கியதும் அவர் முதலில் காதருகே கொண்டுபோனார். கேபிள் மாட்டும் முனையில் ஒரு சதுரக் கம்பியைச் செருகி விரலால் சுற்றினார். "உள்ள ஒரு கடிகாரம் மூச்சடைச்சுக் கெடக்கு தம்பி" என்றார்.

அது உண்மையிலேயே கடிகாரம்தான். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என்னுடையது ஸ்மித்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் க்ரோனோமெட்ரிக் வகை மீட்டர். மற்ற மீட்டர்களில் ஊசியை நகர்த்தும் காந்தம் இதில் கிடையாது. கேபிளின் சுற்றை இது எண்ணுகிறது. உள்ளே கைக்கடிகாரத்தில் இருப்பது போலவே அங்குமிங்கும் ஆடும் ஒரு பாலன்ஸ் சக்கரம், அதற்கு மயிரிழை ஸ்பிரிங், சக்கரத்தைப் பல் பல்லாக விடும் எஸ்கேப்மென்ட் எல்லாம் உண்டு. கடிகாரப் பகுதி காலத்தைச் சிறு சிறு துண்டாக வெட்டிக்கொடுக்கும். அந்தத் துண்டு நேரத்துக்குள் கேபிள் எத்தனை சுற்று சுற்றியதோ அந்த அளவுக்கு ஒரு பல்சக்கரம் ஏறும். ஊசி அங்கே போய் நிற்கும். அடுத்த எண்ணிக்கை வரும்வரை அசையாது. அதனால்தான் இந்த மீட்டரில் ஊசி வழுக்கிக்கொண்டு ஏறாமல் துள்ளித் துள்ளி ஏறுகிறது. சின்ன வயதில் தாத்தாவின் முன்னால் டாங்க் மேல் உட்கார்ந்து போகும்போது அந்தத் துள்ளலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். மீட்டர் கெட்டிருக்கிறது என்றே அப்போது நினைத்திருந்தேன். 1960-களின் நடுவில் பிரிட்டிஷ் வண்டிகள் காந்த மீட்டருக்கு மாறிவிட்டன. செய்வது மலிவு, ஊசியும் வழுவழுப்பாக ஏறும். அண்ணனுக்கு அவற்றின் மேல் மரியாதை உண்டு, ஆசை இதன் மேல்தான். கடிகாரக்காரர் அல்லவா.

திறந்ததைச் சொல்லியே ஆகவேண்டும். கண்ணாடியைப் பிடித்திருக்கும் முன்வளையம் இந்த மீட்டரில் மரை போட்டது, திருகிக் கழற்றலாம். ஆனால் அறுபது வருஷத் துரு. நானாக இருந்தால் குழாய் ஸ்பேனர் போட்டு வளையத்தை நசுக்கியிருப்பேன். அண்ணன் ஒரு பழைய சைக்கிள் டியூபை வெட்டி வளையத்தைச் சுற்றி இறுக்கினார். மரை ஓரத்தில் மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, துணி போட்டு மூடி வைத்தார். "இன்னிக்கு இவ்வளவுதான்." நான் பஸ் பிடித்துத் தட்டோன் வந்து சேர்ந்தேன், நாற்பது மைல் சொச்சம். அடுத்த வாரம் போனபோதும் அது அசையவில்லை. மறுபடி சொட்டு, மறுபடி துணி. மூன்றாவது வாரம் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்து, இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் பிடித்து, பலகாரத்துக்கு மாவு உருட்டுவது போல மெல்ல ஒரு திருப்பு. 'கிறீச்' என்றது. வளையத்தில் ஒரு கீறல் இல்லை.

உள்ளே எட்டு வருஷத்துக்கு முன் பீய்ச்சிய எண்ணெய் கருப்பட்டிப் பாகு போல இறுகிக் கிடந்தது. கேபிளில் அப்பிய கிரீஸும் சுழன்று சுழன்று மேலே ஏறி இயந்திரத்துக்குள் வந்திருந்தது. மயிரிழை ஸ்பிரிங்கின் மூன்று சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஒரு பல்சக்கரத்தில் இரண்டு பல் இல்லை. ஸ்பிரிங்கைச் சாமணத்தால் தூக்கி, பெட்ரோல் ஊற்றிய கிண்ணத்தில் இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆட்டினார். முதல் சுற்று பிரிந்தது, பிறகு இரண்டாவது. மூன்றாவது பிரியவில்லை. பெட்ரோலை மாற்றினார். அரை மணி நேரம் இதே வேலை. எனக்குப் பார்த்துக்கொண்டிருக்கவே முதுகு வலித்தது. கடைசியில் ஸ்பிரிங் விரிந்து, தண்ணீரில் விழுந்த கோலம் போலச் சீராக நின்றது. பல் போன சக்கரத்துக்கு, அவரிடம் ஒரு மில்க் டப்பா நிறைய இருக்கும் செத்த மீட்டர்களில் ஒன்றிலிருந்து எடுத்துப் போட்டார். எண்ணெய் என்று பார்த்தால் மொத்தத்துக்கும் ஊசி முனையில் தொட்டு ஐந்து புள்ளி. ஸ்பிரிங்கில் ஒரு புள்ளிகூடப் படக்கூடாது.

இந்த இடத்தில் கேபிள் பற்றிய ஒரு விஷயம். உங்கள் மீட்டர் இங்கே வருகிறதோ இல்லையோ, இதைச் செய்யுங்கள். கேபிளுக்கு கிரீஸ் போடும்போது மீட்டர் பக்கத்து முனையில் ஆறு அங்குலத்தை விட்டுவிடுங்கள். கீழ்ப்பகுதிக்கு மட்டும் போதும், அது தானாக மேலே வந்துவிடும். முழுக்கப் பூசினால் மிச்சம் எல்லாம் மீட்டருக்குள் போய்ச் சேரும். தன் மேசைக்கு வரும் மீட்டரில் பாதி இந்த ஒரு தவறால்தான் வருகிறது என்கிறார் அண்ணன்.

சோதனைக்கு அவர் வைத்திருக்கும் கருவி தையல் மெஷின் மோட்டார். கால் பெடலை அழுத்த அழுத்த வேகம் கூடும். பக்கத்தில் சுற்றை எண்ணும் ஒரு சின்ன டிஜிட்டல் கருவி. எவ்வளவு சுற்றுக்கு ஓடோமீட்டரில், அதாவது ஓடிய மைலைக் காட்டும் எண்களில், ஒரு மைல் நகர்கிறது என்று முதலில் எண்ணினார். என் மீட்டருக்கு 1600. அப்புறம் கணக்கு வாய்ப்பாடு மாதிரி எளிது. மணிக்கு அறுபது மைல் என்றால் நிமிஷத்துக்கு ஒரு மைல். ஆகவே நிமிஷத்துக்கு 1600 சுற்றில் ஊசி 60-ல் நிற்க வேண்டும். 800-ல் 30. பெடலை அழுத்தினார். உள்ளே டிக்டிக்கென்று ஆரம்பித்தது. ஊசி பத்து, பதினெட்டு, இருபத்தாறு என்று துள்ளி, முப்பதுக்கு ஒரு மயிரிழை மேலே போய் நின்றது. அறுபதில் ஒரு மைல் கூடுதலாகக் காட்டியது. இரண்டு முறை கழற்றி மாட்டி அதையும் குறைத்தார். போதும் அண்ணே என்று நான்தான் சொன்னேன்.

எனக்கு இந்தப் பட்டறை பிடித்துப்போன காரணம் இதற்குப் பிறகு நடந்தது. மூடுவதற்கு முன்னால் கேட்டார், "மைலை என்ன செய்ய? பல பேர் சுழிக்குக் கொண்டுவரச் சொல்லுவாங்க. புது மீட்டர் மாதிரி இருக்கும்."

"தாத்தா ஓட்டினது அண்ணே. அப்படியே இருக்கட்டும்."

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் காட்டினார். நான் முதல் நாள் மீட்டரைக் கொடுத்தபோதே பென்சிலால் 41,376 என்று எழுதி வைத்திருந்தார். சோதனையில் ஓடி ஓடி எண் 41,390-ஐத் தாண்டியிருந்தது. "இது என் மோட்டார் ஓடினது, உங்க தாத்தா கணக்குல சேரக்கூடாது" என்று சொல்லி, எண் சக்கரங்களை ஒவ்வொன்றாகப் பின்னுக்குத் தள்ளி 41,376-ல் நிறுத்தினார். கேட்காமலே எழுதி வைத்திருந்தாரே, அதற்காகவே பத்து வாரத்தையும் மன்னித்துவிட்டேன்.

டயல் தட்டை அவர் புதிதாக அச்சடிக்கவில்லை. அழிந்த எழுத்தை மட்டும் பூனைமயிர்த் தூரிகையால் தொட்டு நிரப்பினார். மங்கலான பழைய வெள்ளைக்குப் பொருந்த வெள்ளையில் துளி மஞ்சள் கலந்தார். நல்ல வேலை, ஆனால் குறை இல்லாமல் இல்லை. 40-ல் இருக்கும் 4 மற்ற எண்களைவிடக் கொஞ்சம் தடிமனாக விழுந்துவிட்டது. உற்றுப் பார்த்தால் தெரியும். நான் உற்றுத்தான் பார்க்கிறேன். முன்வளையத்துக்கு முலாம் வெளியில் கொடுத்துப் போட்டது, அதில் ஒரு ஓரம் இப்போதே கொப்புளம் மாதிரி எழும்பியிருக்கிறது. சொன்னபோது முலாம் கூலியைத் திருப்பித் தந்துவிட்டார். வளையம் என்னவோ அப்படித்தான் இருக்கிறது. இன்னொரு பெரிய குறை, தகவல் சொல்லமாட்டார். போன் செய்தால் அவர் வீட்டு அக்காதான் எடுப்பார், "வேலை நடக்குது தம்பி" என்பார், அவ்வளவுதான். தூரத்திலிருந்து கொடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு கொடுங்கள்.

எல்லா மீட்டரையும் தொடமாட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். போர்க்காலத்து மீட்டர்கள் சிலவற்றில் இருட்டில் ஒளிர்வதற்காக எண்களின் மேல் ரேடியம் கலந்த பெயின்ட் இருக்கும். இப்போது விளக்கை அணைத்தால் அது மினுங்காது. மினுங்கும் பொருள்தான் செத்துவிட்டது, ரேடியம் சாகவில்லை. அது பாதியாகக் குறையவே 1600 வருஷம் ஆகும். நான் இருந்தபோது ஒரு பையன் அப்படி ஒரு ராணுவ வண்டி மீட்டரைக் கொண்டுவந்து, எழுத்தைச் சுரண்டிவிட்டுப் புதுசா எழுதித் தாருங்கள் என்றான். அண்ணன் கையால் வாங்கவே இல்லை. "சுரண்டினா தூசி மூச்சுல போவும். நீயும் வீட்ல சுரண்டாதே" என்று மூன்று தடவை சொல்லி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி அனுப்பினார். வருமானத்தை விட்டுவிட்டுப் புத்தி சொல்லி அனுப்பிய அந்த ஐந்து நிமிஷம் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

ஹோண்டா போன்ற ஜப்பான் வண்டி மீட்டர்களும் செய்கிறார். அவற்றின் முன்வளையத்தில் மரை இல்லை, விளிம்பை மடித்து அமுக்கியிருப்பார்கள். அந்த மடிப்பைச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தித்தான் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் தகடு கிழியும். ஊசியைக் கழற்றுவதற்கு முன் அதைத் தடுப்புக் குச்சிக்கு மேலே தூக்கி, தானாக எங்கே போய் நிற்கிறது என்று பார்த்து டயலில் பென்சில் புள்ளி வைக்கிறார். திரும்ப மாட்டும்போது அந்தப் புள்ளியில் மாட்டினால்தான் வேகம் சரியாகக் காட்டும். வீட்டில் தானாகச் செய்து பார்ப்பவர்கள் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். கிலோமீட்டர் டயலை மைலாக மாற்று, மைலைக் கிலோமீட்டராக்கு என்றால் செய்யமாட்டார். எனக்கு அந்தக் கவலை இல்லை. நம் சாலைக் கல்லும் மைல், என் மீட்டரும் மைல்.

பளபளவென்று, கடையில் இப்போதுதான் வாங்கியது போல வேண்டும் என்றால் வேறு இடம் பாருங்கள். உள்ளே ஓட வேண்டியது ஓட வேண்டும், வெளியே வயது வயதாகவே இருக்கட்டும் என்று நினைப்பவர்களுக்குத்தான் இந்த இடம்.

மீட்டரை அங்கேயே வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தன்ல்வின் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது காற்று தள்ளியது, ஊசி இருபதுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவில் துள்ளிக்கொண்டே வந்தது. எதிர்க்கரை முத்தமா தாண்டிச் சாலை நேரானதும் முப்பதில் பிடித்து, ஒரு மைல்கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குப் போனில் நேரம் பார்த்தேன். இரண்டு நிமிஷம் நாலு விநாடி. சரியாக முப்பது என்றால் இரண்டு நிமிஷம். ஒரு மைல் கூடுதலாகக் காட்டுகிறது, அந்தக் காலத்து மீட்டருக்கு இது மிக நல்ல கணக்கு. வீட்டு வாசலில் நிறுத்தியபோது 41,418. தாத்தாவின் கணக்குக்குப் பிறகு என் கணக்கில் முதல் நாற்பத்திரண்டு மைல்.

இரண்டு மாதம் கழித்து வைகாசி முதல் மழையில் வேண்டுமென்றே நனையவிட்டேன். கண்ணாடிக்குள் ஆவி படியவில்லை. வளையத்துக்குள் புது ரப்பர் பட்டி போட்டிருந்தார். பழைய கண்ணாடியையும் பல் போன சக்கரத்தையும் காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுத்திருக்கிறார், அவற்றை வைத்திருக்கிறேன். அடுத்தது ஹெட்லைட்டில் இருக்கும், மின்னோட்டத்தைக் காட்டும் லூகாஸ் அம்மீட்டர். போன மாதம் கேட்டேன். மழைக்காலத்தில் எதையும் திறக்கமாட்டேன், ஐப்பசி கழிந்து காற்று காய்ந்ததும் கொண்டுவா என்றார். கழற்றி, துணியில் சுற்றி, அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன்.